அசைபடப் பாடங்களும் உறுப்பினர் கைப்பேசியும்

கூட்டுறவுச் சங்கத்தின் சொத்து என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன கட்டடமும், தறிகளும், கிடங்கிலுள்ள நூலும், வங்கியிலுள்ள வைப்புத் தொகையுமே. உறுப்பினர்களின் தொழிலறிவும் ஒரு சொத்து என்பதைப் பேச்சளவில் எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். இருப்புப் பதிவேட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குவோர் அரியர். அத்தொழிலறிவின் ஒரு பகுதியைக் கணினியில் அசைபடப் பாடங்களாக ஆக்கி வைத்த சங்கங்களும் பயிற்சி நிலையங்களும் நம் நாட்டில் உண்டு. அப்பாடங்களில் பல இன்று திறக்கவியலாத பெட்டிகளாகக் கிடக்கின்றன. அவற்றைத் திறந்து, உறுப்பினர் கையிலுள்ள திறன்பேசியில் ஓடும் வீடியோவாக மாற்றும் வழியை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தறியும் தொழிற்சாலையும்

காஞ்சிபுரத்திற்கும் கூட்டுறவிற்கும் உள்ள உறவு பழமையானது. 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த அதே ஆண்டு அக்டோபர் திங்களில், இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்தில்தான் பதிவு பெற்றது. அந்நகருக்குக் கிழக்கே, சென்னை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், இன்று முற்றிலும் வேறான ஒரு தொழிலுலகம் எழுந்து நிற்கிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை திறக்கப்பட்டு, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்திற்று. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் கார்த் தொழிற்சாலையும், 2013-இல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் உற்பத்தியைத் தொடங்கின. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பாக்ஸ்கான் நிறுவனம் ஐபோன்களைத் தயாரித்து வருகிறது.

இந்தத் தொழிற்சாலைகளின் பேருந்துகள் விடியுமுன்னரே நெசவாளர் தெருக்களின் முனையில் வந்து நிற்கின்றன. தந்தை குழித்தறியில் அமர்ந்திருக்க, மகனோ மகளோ ஷிப்டு வேலைக்குப் புறப்படும் வீடுகள் பல. இதனைக் குறையாகக் கூற நாம் முன்வரவில்லை. திங்கள் தவறாத ஊதியத்தை நாடுவது இளைஞரின் உரிமை. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. முன்னாளில் பிள்ளைகள் தறியின் அருகிலேயே வளர்ந்து, கண்ணால் கண்டே தொழிலைக் கற்றனர். இன்று அவர்களுக்குக் கிடைக்கும் ஓய்வு, பேருந்தில் செல்லும் ஒரு மணி நேரமும் வார விடுமுறையுந்தான். தொழிலறிவு அவர்களைச் சென்றடைய வேண்டுமாயின் அது கைப்பேசியின் வழியாகச் செல்வதே இயல்பு. வயலை விட்டு வேலைக்குச் சென்று, விடுமுறை நாளில் மட்டும் நிலத்தைப் பார்க்கும் விவசாயிகளின் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

பெட்டியில்லாத அட்டை

அசைபடக் கோப்புக்கும் வீடியோவுக்கும் உள்ள வேற்றுமையை நெசவாளருக்கு விளக்குவது எளிது. ஜக்கார்டு பெட்டிக்கு ஏற்றும் அட்டைக் கட்டினை எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் அட்டையும், இந்த ஊடைக்கு இன்ன பாவு நூல்கள் உயரவேண்டும் என்று ஆணையிடுகிறது. அட்டையில் அன்னமுமில்லை, மாங்காயுமில்லை, துளைகளே உள்ளன. பெட்டி அவ்வாணையைப் படித்துத் தறியை இயக்கும்போதுதான் அன்னம் சேலையில் தோன்றுகிறது. பெட்டி இல்லையேல் அட்டைக் கட்டு வெறுங்காகிதமே. நெய்து முடித்த சேலைக்கோ பெட்டி வேண்டியதில்லை; எவரும் எங்கும் விரித்துப் பார்க்கலாம்.

கணினி அசைபடக் கோப்பு அட்டைக் கட்டினைப் போன்றது. “இங்கே ஒரு வட்டம் வரைக, அதனை இரண்டு விநாடியில் வலப்புறம் நகர்த்துக, இந்நேரத்தில் இக்குரலை ஒலிக்கச் செய்க” என்பன போன்ற ஆணைகளின் தொகுதி அது. அவற்றைப் படித்து அவ்வப்போது படமாக வரைந்து காட்ட ஒரு மென்பொருள் வேண்டும். வீடியோவோ நெய்து முடித்த சேலை. வரையவேண்டிய படங்கள் யாவும் முன்னரே வரையப்பட்டு, வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும்.

ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம் உலகெங்கும் பெருவழக்காயிருந்த அசைபட முறை ‘பிளாஷ்’ என்பதாகும். 1996-இல் மேக்ரோமீடியா நிறுவனத்தின் கைக்கு வந்த இது, 2005-இல் அடோபி நிறுவனத்தைச் சேர்ந்தது. கோப்பு சிறியது, கோடுகள் தெளிவானவை, பொத்தானை அழுத்தினால் விடை கூறும் பாடங்களையும் ஆக்கலாம். எனவே ஆசிரியர்களும் பயிற்சியாளர்களும் இதனைப் பெரிதும் கையாண்டனர். ஆனால் ஐபோன் இதனை எந்நாளும் ஏற்றதில்லை. 2011 நவம்பரில் கைப்பேசிகளுக்கான பிளாஷ் வளர்ச்சியை நிறுத்துவதாக அடோபி அறிவித்தது. 2020 டிசம்பர் 31-உடன் கணினிகளுக்கான ஆதரவும் முடிவுற்றது. 2021 ஜனவரி 12 முதல் அந்த மென்பொருளே தன்னில் படம் ஓடாதவாறு தடுத்துவிட்டது. பெட்டி போயிற்று, அட்டைகள் மட்டும் எஞ்சின. உலகிற்கே கைப்பேசி செய்து அனுப்பும் வட்டாரத்தில் வாழும் நம் உறுப்பினர்கள், தம் சங்கத்தின் பாடத்தைத் தம் கைப்பேசியில் காணவியலாத நிலை இவ்வாறே ஏற்பட்டது.

ஒரு சங்கத்தில் கண்டது

வாலாஜாபாத்திற்கு அப்பாலுள்ள ஒரு நெசவாளர் சங்கத்திற்கு நாம் ஆய்வுக்குச் சென்றிருந்தபோது, பழைய கணினி ஒன்றை ஏலத்தில் விடுவதற்கான தீர்மானம் நம் பார்வைக்கு வைக்கப்பட்டது. அக்கணினியில் என்ன உள்ளது என வினவினோம். “பழைய பாடங்கள் சில உள்ளன, ஒன்றும் ஓடுவதில்லை” என்றார் செயலாளர். உடனிருந்த மூத்த உறுப்பினர் ஒருவர், அவற்றுள் ஒன்று பெட்னி போடும் முறையைப் பற்றியது என்றும், அதற்கு விளக்கக் குரல் கொடுத்த நெசவாளர் இறந்துவிட்டார் என்றும் தெரிவித்தார்.

சேலையின் உடற்பகுதிப் பாவோடு, வேறு நிறமுடைய முந்தானைப் பாவினை இழைக்கிழை இணைக்கும் வேலையே பெட்னி. கையும் கண்ணும் பழகினாலன்றி வராதது. பொறுமையுடன் செய்வோர் தொகை குறைந்து வருவது. அதனை விளக்கிய குரல், ஏலத்திற்கு வைத்த இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. தீர்மானத்தை ஒத்திவைத்துக் கோப்புகளை முதலில் படியெடுக்குமாறு கூறினோம். பின்னர் அவை வீடியோவாக மாற்றப்பட்டன. அப்பணியில் கிடைத்த அறிவையே கீழே முறைப்படுத்தித் தருகிறோம்.

வீடியோ எங்ஙனம் சுருங்குகிறது?

அடிப்படையான கணக்கு ஒன்றை முதலில் காண்போம். திறன்பேசிக்குப் போதுமான படத்தின் அளவு, அகலம் 1,280 புள்ளிகளும் உயரம் 720 புள்ளிகளும் ஆகும். பெருக்கினால் 9,21,600 புள்ளிகள். புள்ளி ஒன்றுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட்டுகள் வீதம், ஒரு படத்திற்கு 27,64,800 பைட்டுகள். விநாடிக்கு 25 படங்கள் எனில் மூன்று நிமிடப் பாடத்திற்கு 1,244 கோடி பைட்டுகள், அதாவது 12 ஜிகாபைட்டுக்கு மேல் வேண்டும். கைப்பேசிக்கு இது மிகப் பெரிய சுமை.

ஆகவே சுருக்குமுறை தேவைப்படுகிறது. 2003-இல் உலகத் தரமாக ஏற்கப்பட்ட ‘எச்.264’ என்னும் முறையே இன்றும் ஏறத்தாழ எல்லாக் கைப்பேசிகளும் அறிந்த முறையாகும். சில படங்களை மட்டும் அது முழுமையாக எழுதி வைக்கிறது. இடைப்பட்ட படங்களில் முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதிகளை மட்டும் குறித்துக்கொள்கிறது. உடலில் புட்டா வரும் இடத்திற்கு மட்டும் அட்டை வெட்டி, ஏனைய இடத்தை வெறும் நெசவாக விடுவதற்கு இதனை ஒப்பிடலாம். அசைபடத்தில் பின்புலம் பெரும்பாலும் அசைவதில்லையாதலால் இம்முறை மிக நன்றாகப் பயன் தருகிறது. படத்திற்கு விநாடிக்கு 10 லட்சம் பிட்டும், குரலுக்கு 64 ஆயிரம் பிட்டும் ஒதுக்கினால், மேற்கூறிய மூன்று நிமிடப் பாடம் 24 மெகாபைட்டில் அடங்கிவிடும். ஐந்நூற்றில் ஒரு பங்காக அது சுருங்கிவிட்டது!

2013-இல் வந்த ‘எச்.265’ முறை இதனினும் சிறிதாகச் சுருக்க வல்லது. எனினும் பழைய கைப்பேசிகள் பல அதனை ஏற்பதில்லை. விலைகுறைந்த கைப்பேசி வைத்திருக்கும் உறுப்பினரையும் எட்டவேண்டிய சங்கத்திற்கு, எச்.264 முறையில் சுருக்கி ‘எம்பி4’ வடிவில் அடக்கிய கோப்பே தக்கது.

மாற்றும் முறை

முதலாவது, கோப்புகளை இனம் பிரித்தல். பிளாஷ் பாடங்களில் இரு வகையுண்டு. ‘எப்எல்ஏ’ என்று முடிவது திருத்தக்கூடிய மூலம். ‘எஸ்டபிள்யூஎப்’ என்று முடிவது ஓடுவதற்கென ஆக்கிய பிரதி. மூலம் கிடைத்தால் பேறுதான். அதனைத் திறக்கும் ‘அடோபி அனிமேட்’ மென்பொருளிலிருந்து நேரே வீடியோவாக வெளியேற்றலாம். பயிற்சி நிலையங்களிடமும் பாடத்தை ஆக்கித் தந்தோரிடமும் மூலத்தைக் கேட்டு வாங்க முயலவேண்டும். கோப்பின் பெயரின் முடிவை ‘எம்பி4’ என்று திருத்திவிட்டால் வீடியோவாகிவிடும் என நம்புவோர் உளர். நூல் மூட்டையின் மேலுள்ள சீட்டை மாற்றினால் பருத்தி பட்டாகிவிடுமா?

இரண்டாவது, மூலம் கிடைக்காதபோது செய்ய வேண்டுவது. ‘ரபில்’ என்னும் இலவச மென்பொருள், பழைய பிளாஷ் பாடங்களை இன்றைய கணினியில் ஓட்டிக் காட்டுகிறது. சிக்கலான ஆணைகளுள்ள சில பாடங்கள் அதில் முழுமையாக ஓடமாட்டா. எளிய பாடங்கள் பெரும்பாலும் ஓடும். அவ்வாறு ஓடும்போது ‘ஓபிஎஸ்’ என்னும் மற்றோர் இலவச மென்பொருளால் திரையையும் ஒலியையும் பதிவு செய்துகொள்ளலாம். இறந்த நெசவாளரின் குரல் மீண்டது இவ்வழியில்தான்.

மூன்றாவது, படங்களை வரிசையாக வெளியேற்றித் தொடுத்தல். பிளெண்டர் போன்ற அசைபட மென்பொருள்களில், பாடத்தைத் தனித்தனிப் படங்களாக எண்ணிட்டு வெளியேற்றிப் பின்னர் ஒன்றாக்குவது பாதுகாப்பான முறை. இடையில் மின்சாரம் நின்றாலும் அதுவரை வரைந்த படங்கள் அழிவதில்லை. அவற்றையும் ஒலியையும் தொடுக்க ‘எப்எப்எம்பெக்’ என்னும் கருவி உதவும். 2000-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பாப்ரிஸ் பெல்லார் தொடங்கிய இக்கருவியும் விலையின்றிக் கிடைப்பதே. மூலத்தில் விநாடிக்கு 12 படங்கள் என்றிருந்தால் தொடுக்கும்போதும் 12 என்றே கூறவேண்டும். 25 என்று கூறிவிட்டால் படம் ஓட்டமாய் ஓடி முடிந்துவிடும். குரல் பின்னே தனித்து நிற்கும்.

நான்காவது, பொத்தான்கள். பிளாஷ் பாடத்தில் ‘அடுத்து’ என்ற பொத்தானை அழுத்தினாலன்றிப் படம் நகராது. வீடியோவில் பொத்தான் இல்லை. எனவே எப்பகுதி முன், எப்பகுதி பின், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதைத் தொழில் தெரிந்த ஒருவரே முடிவு செய்யவேண்டும். நீண்ட பாடத்தை இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளாகப் பிரிப்பது நல்லது. பேருந்தில் பார்ப்பவர் ஒரு துண்டை முழுமையாகப் பார்த்து முடிப்பார்.

விழிப்புடன் நோக்க வேண்டுவன

வெளியேற்றிய வீடியோவை இறுதிவரை ஓட்டிப் பாராமல் ஏற்றுக்கொள்ளலாகாது. படத்திற்குள் படமாக அமைத்த அசைவுகள், பழைய பிளாஷ் பதிப்புகளிலிருந்து வெளியேற்றும்போது நின்றுவிடுவதுண்டு. குரல் ஒலிக்கும், தறி தெரியும், நாடா மட்டும் ஓடாமல் நிற்கும்! அத்தகைய பாடத்தைத் திரைப்பதிவு முறையிலேயே எடுக்கவேண்டும்.

நெசவாளர்க்குச் சிறப்பாக உரியது நிறத்தைப் பற்றிய செய்தி. கைப்பேசி வீடியோவில் ஒளியின் அளவு புள்ளிதோறும் பதிகிறது. நிறமோ நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகவே பதிகிறது. மனிதக் கண் ஒளி வேறுபாட்டை உணரும் அளவுக்கு நிற வேறுபாட்டை நுணுகி உணர்வதில்லை என்பதே இதற்கு அடிப்படை. வயலையும் மரத்தையும் காட்டும்போது குறை தெரியாது. பச்சை உடலில் சிவப்புக் கரை வந்து சேரும் கோர்வையை, ஒரு புள்ளி அகலமுள்ள சிவப்புக் கோட்டால் காட்டினால் அது மங்கிப் பழுப்பாகிவிடும். நூலைக் காட்டும் கோடுகள் நான்கு புள்ளி அகலமேனும் இருத்தல் வேண்டும். இதே காரணத்தால் படத்தின் அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்களாயிருத்தல் அவசியம். ஒற்றைப்படையானால் மாற்றும் கருவி மறுத்துவிடும்.

படத்தின் அளவிலும் கருத்து வேண்டும். பிளாஷ் மென்பொருள் இயல்பாகத் தரும் அரங்கு 550-க்கு 400 புள்ளிகளே. கோட்டு வரைவாதலால் அதனைப் பெரிதாக வெளியேற்றினாலும் தெளிவு குன்றாது. 1987-இல் தோன்றிய ‘ஜிப்’ வடிவப் படங்களுக்கு அவ்வசதி இல்லை. அவை 256 நிறங்களுக்கு மேல் கொள்ளமாட்டா. ஒலியும் அவற்றில் இல்லை. அவற்றைப் பெரிதாக்கினால் சதுரங்களே பெரிதாகும். மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழு 2018-இல் கர்நாடகத்தில் முதன்முதல் கண்டறியப்பட்டு விரைவில் தமிழகத்திற்கும் பரவியது நினைவிருக்கும். தலையிலுள்ள தலைகீழான ‘ஒய்’ எழுத்துப் போன்ற கோட்டையும், வாற்பக்கம் சதுரமாக அமைந்த நான்கு புள்ளிகளையும் கொண்டே அதனை ஏனைய புழுக்களினின்று பிரித்தறிகிறோம். சிறு படத்தில் இவ்வடையாளங்கள் மறைந்துவிட்டால் பாடத்தால் பயனில்லை. பிறிதொரு புழுவுக்கு வாங்கிய மருந்துச் செலவும் உறுப்பினர் தலையில் விழும்.

எழுத்துகளின் நிலை வேறு. 2010-இல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்குமுன், பலவகைத் தமிழ் எழுத்துருக்கள் வழங்கின. அவை இல்லாத கணினியில் பழைய மூலத்தைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். முதலில் எழுத்துருவைத் தேடி நிறுவிய பின்னரே வெளியேற்ற வேண்டும். வீடியோவாகிவிட்டால் எழுத்தும் படத்தின் பகுதியாகிவிடுவதால் பின்னர் அத்தொல்லை இல்லை. தறியோசைக்கிடையே குரல் கேளாதாதலால், இன்றியமையாத சொற்களைப் படத்தின் அடியில் பெரிய எழுத்தில் பொறிப்பதும் நன்று.

பிறநாட்டு முயற்சி ஒன்று

இவ்வழியில் உலகளாவிய பணியாற்றும் அமைப்பு ஒன்றை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். ‘எல்லைகளற்ற அறிவியல் அசைபடங்கள்’ என்னும் பொருளுடைய ‘சாபோ’ அமைப்பை, 2011-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பேரி பிட்டன்ட்ரிக், ஜூலியா பெல்லோ-பிராவோ ஆகியோர் தொடங்கினர். வேப்பங்கொட்டைக் கரைசல் தயாரித்தல், பயறுகளைக் காற்றுப் புகாத கலங்களில் சேமித்தல் போன்றவற்றை அசைபடமாக வரைந்து, கைப்பேசியில் ஓடும் சிறு வீடியோவாக மாற்றி விலையின்றி வழங்குகின்றனர். படம் ஒன்றே, குரல் மட்டும் மொழிக்கு மொழி மாறுகிறது. மொசாம்பிக் நாட்டில் பயறு சேமிப்புப் படத்தைக் கைப்பேசியில் கண்ட விவசாயிகளை இரண்டாண்டு கழித்து ஆராய்ந்தபோது, பெரும்பாலோர் முறையை மறவாமல் கைக்கொண்டிருந்தது தெரியவந்தது.

இம்முறையில் நமக்கொரு படிப்பினை உண்டு. குரலைத் தனியாகவும் படத்தைத் தனியாகவும் சேமித்து வைத்தால், காஞ்சிபுரத்து நெசவாளருக்கு ஆக்கிய பாடத்தை ஆரணிக்கும் திருபுவனத்திற்கும் அவ்வவ்வூர்த் தொழிற்சொற்களுடன் வழங்கலாம். ஒரு சங்கத்தின் செலவு பல சங்கங்களின் வரவாகும். கூட்டுறவு என்பது இதுவன்றோ!

சங்கங்களுக்குச் சில சொற்கள்

நெய்த துணியைப் பிரித்து மீண்டும் அட்டையாக்க முடியாது. வீடியோவாக மாற்றியதும் மூலக் கோப்பை அழித்துவிடுதல் தகாது. நாளை வேறு வடிவம் வரும். அன்றும் மூலம் வேண்டும். மூலம் ஒன்று, உயர்தர வீடியோ ஒன்று, கைப்பேசிக்குரிய சிறு வீடியோ ஒன்று என மூன்றையும், இரு வேறிடங்களில் வைத்தல் வேண்டும். பாடத்தின் பெயர், ஆக்கிய ஆண்டு, குரல் கொடுத்தவர், மாற்றிய நாள் ஆகியவற்றை இருப்புப் பதிவேட்டில் குறித்தல் வேண்டும்.

பாடத்தை வேறொருவர் ஆக்கியிருந்தால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமை எவருக்குள்ளது எனத் தெளிந்து, எழுத்து மூலம் இசைவு பெறுவதே முறை. புதிய சேலை வடிவங்களைக் காட்டும் பாடங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. முன்னரே வெளியான வடிவத்தை 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்ய இயலாது. பதிவுக்கு முன் அது கைப்பேசி வழியே ஊரெல்லாம் பரவிவிட்டால், உழைப்பு சங்கத்திற்கும் ஊதியம் விசைத்தறிக்காரருக்கும் போய்ச் சேரும். முன்பின் அறியாத இணையதளங்களில் கோப்பை ஏற்றி மாற்றிக்கொள்வதையும் இக்காரணத்தாலேயே தவிர்க்கச் சொல்கிறோம்.

இப்பணிக்கெனத் தனி அலுவலர் வேண்டியதில்லை. நாம் கூறிய கருவிகளில் அடோபி அனிமேட் நீங்கலாக ஏனையவை விலையின்றிக் கிடைப்பவை. கணினி பயின்ற நெசவாளர் பிள்ளைகள், அதே தொழிற்பேட்டைகளில் வேலை செய்பவர்கள், ஒவ்வொரு சங்கத்தின் தெருவிலும் இருக்கிறார்கள். ஒரு விடுமுறை நாளில் அவர்களை அழையுங்கள். அருகில் முதிய நெசவாளர் ஒருவரையும், முன்னோடி விவசாயி ஒருவரையும் அமர்த்துங்கள். கருவியை இளையவர் இயக்கட்டும். பாடம் சரியா, பிழையா என்பதை மூத்தவர் கூறட்டும். ஆக்கிய வீடியோவைச் சங்க உறுப்பினரிடம் உள்ள மிகக் குறைந்த விலைக் கைப்பேசியில் ஓட்டிப் பாருங்கள். அதில் நாடா ஓடுவதும், நூல் தெளிவாய்த் தெரிவதும், குரல் கேட்பதும் உறுதியானால், எல்லோருக்கும் அனுப்பத் தக்கது அது. பழைய கணினிகளை ஏலத்திற்கு அனுப்பும் தீர்மானங்கள் மட்டும் அதுவரை பொறுத்திருக்கட்டும்.